பதின்வயதில் தொடங்குபவர் பவர்லிஃப்டிங் சாதனைக்கு முயல முடியுமா?

காரைக்குடியில் ப்ளஸ் ஒன் படிக்கும் ஒருவர் இப்போதுதான் ஜிம்மில் சேர்ந்திருக்கிறார், சாதனைக்கு எப்படி முயல்வது என்பது கேள்வி.

பவர்லிஃப்டிங் என்பது ஸ்குவாட் (கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து நெஞ்சிலிருந்து கம்பியை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது) என மூன்று தூக்குகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. சர்வதேச விதிப்படி 14 முதல் 18 வயது வரை சப்-ஜூனியர். அதற்குள் உடல் எடைப் பிரிவுகள். உங்கள் பிரிவின் சாதனையை அங்கீகாரம் பெற்ற போட்டியில் அரை கிலோ தாண்டினாலே போதும். ஜிம்மில் எடுத்த வீடியோ கணக்கில் சேராது.

ஆனால் அவசரம் வேண்டாம். தசை சீக்கிரம் வலுவாகிவிடும். அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். ஆத்தங்குடிக் கல்லை வார்த்த கையோடு தரையில் பதிக்கிறார்களா? தண்ணீரில் ஊறி இறுகட்டும் என்று விடுகிறார்கள் அல்லவா, அப்படித்தான்.

அதனால் முதலில் முறை, அப்புறம் எடை. ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்கும் கீழே இறங்க வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பி நெஞ்சில் அசையாமல் நிற்க வேண்டும்; நடுவர் 'பிரஸ்' என்ற பிறகே தள்ளலாம். நெஞ்சில் மோதித் துள்ளவிட்டே பழகியவர்கள் மேடையில் தவறுவது இந்த இடத்தில்தான். தூக்கு செல்லும் என்பதற்கு மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குக் காட்ட வேண்டும்.

முதல் போட்டியில் நிச்சயமாகத் தூக்கக்கூடிய எடையிலேயே தொடங்குங்கள். ஸ்குவாட்டின் மூன்று வாய்ப்பும் தவறினால், மூன்று தூக்குகளையும் கூட்டிய மொத்தக் கணக்கே கிடையாது.

சரி, எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று அப்பத்தா பயப்படுவார். நல்ல பயிற்சியாளர் பார்வையில் முறையாகச் செய்தால் அப்படி ஆவதில்லை.