கணினி கேள்வி – பதில்: படிக்க மட்டும் அனுமதித்த கோப்பை அழிக்க உரிமை கொடுத்தது யார்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பழைய யூனிக்ஸ் கணினி ஒன்றில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறோம். பொதுக் கோப்புறையில் இருந்த என் கணக்குக் கோப்புக்கு 444 என்று அனுமதி வைத்திருந்தேன். யாரும் அதைத் திருத்த முடியாது, படிக்க மட்டுமே முடியும் என்று நம்பியிருந்தேன். ஆனால் நிர்வாகியின் கடவுச்சொல் தெரியாத இன்னொரு பயனர் அதை அழித்துவிட்டார். இது எப்படிச் சாத்தியம்?

பதில்: கணினியில் கோளாறு எதுவும் இல்லை. அந்தப் பயனர் குறுக்குவழி எதையும் கையாளவும் இல்லை. யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயர் அந்தக் கோப்போடு இருப்பதில்லை. அதை வைத்திருக்கும் கோப்புறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பை எடுத்துக்கொண்டால், கோப்புறை என்பதே 16 பைட் நீளமுள்ள பதிவுகளின் பட்டியல்தான்: ஒவ்வொரு பதிவிலும் முதல் 2 பைட்டில் ஐநோடு (கோப்பைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் பதிவு) எண், அடுத்த 14 பைட்டில் பெயர். உரிமையாளர் யார், எந்தக் குழு, என்ன அனுமதி, எவ்வளவு அளவு என்பவை எல்லாம் ஐநோடில் இருக்கின்றன. ஒரு கோப்பை அழிப்பது என்றால் கோப்புறையிலிருந்து அந்தப் பதிவை நீக்குவது. வேறு எந்தப் பெயரும் அதே ஐநோடைச் சுட்டவில்லை என்றால் அதன் இடம் விடுவிக்கப்படும். ஆகவே அழிப்பவருக்குத் தேவைப்படுவது கோப்புறையில் எழுதும் அனுமதியும் அதற்குள் நுழையும் அனுமதியும்தான். அனுமதி எண்ணின் மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோருக்கு உரியவை. படிக்க 4, எழுத 2, இயக்க (கோப்புறை என்றால் உள்ளே நுழைய) 1 என்று கூட்டி ஒவ்வொரு இலக்கமும் அமைகிறது. நீங்கள் வைத்த 444 கோப்பின் உள்ளடக்கத்தைக் காத்தது. அதன் பெயரைக் காக்கும் பொறுப்பு அதற்கு இல்லை.

கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளை இத்தகைய கோப்பைக் கண்டால் அதன் பெயரையும் 444 என்ற எண்ணையும் திரையில் காட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும். ‘ஒய்’ (y) என்று தட்டினால் கோப்பு போய்விடும். பலர் இதைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். அது வெறும் எச்சரிக்கை மட்டுமே. ‘எஃப்’ (-f) என்ற விருப்பத்தைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த எச்சரிக்கையும் வராது.

கோப்புறையின் அனுமதியைப் பார்க்க எல்எஸ் (ls) கட்டளையுடன் ‘எல்’ (-l), ‘டி’ (-d) இரண்டையும் சேருங்கள். ‘டி’யை விட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல்தான் வரும். மற்றவர்கள் எழுதத் தேவையில்லாத கோப்புறைக்கு 755 போதும். எல்லோரும் எழுதியே ஆகவேண்டிய பொதுக் கோப்புறை என்றால் ‘ஸ்டிக்கி பிட்’ என்ற கூடுதல் குறியை (முதலில் வரும் 1) சேர்த்து 1777 என்று வைக்கலாம். அப்போது கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், ரூட் (நிர்வாகி) ஆகிய மூவர் மட்டுமே அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியும். ஆனால் இந்தப் பயன் 1986இல் வந்த 4.3பிஎஸ்டியில்தான் (பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வகை) தொடங்குகிறது. அதற்கு முந்தைய அமைப்புகளில் அதே பிட், ஒரு நிரலை இயக்கி முடித்த பிறகும் அதன் பிம்பத்தை ஸ்வாப் பகுதியில் (நினைவகத்துக்குத் துணையாகப் பயன்படும் வட்டுப் பகுதி) தங்கவைப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. உங்கள் கணினி எந்த வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால், வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்து, அதை அழித்துப் பார்க்கும்படி வேறொரு பயனரிடம் சொல்லுங்கள். ஏட்டைப் புரட்டுவதைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து ஒரே கோப்புகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். சரிதானா?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐந்து பேருக்காகத் திறந்த கதவு, அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் திறந்துகிடக்கும். யார் எதை மாற்றினார் என்று பிறகு தேடிக் கண்டுபிடிப்பதும் கடினம். ஐவரையும் ஒரு குழுவில் சேர்க்கும்படி நிர்வாகியிடம் கேளுங்கள். பிறகு கோப்புறையை சிஎச்ஜிஆர்பி (chgrp) கட்டளையால் அந்தக் குழுவுக்கு மாற்றி, 770 என்று அனுமதி வையுங்கள்.

இத்தோடு நிறுத்தினால் மறுநாளே சிக்கல் வரும். பெரும்பாலான கணினிகளில் யூமாஸ்க் (புதிய கோப்புக்கு எந்த அனுமதிகளைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் எண்) 022 என்று இருப்பதால், ஒருவர் புதிதாக உருவாக்கும் கோப்பு 644 என்ற அனுமதியோடுதான் பிறக்கிறது. குழுவில் உள்ள மற்ற நால்வரும் அதைப் படிக்கலாம், திருத்த முடியாது. எனவே ஐவரும் உள்நுழையும்போது இயங்கும் தங்கள் தொடக்கக் கோப்பில் யூமாஸ்க்கை 007 என்று மாற்ற வேண்டும். புதிய கோப்பு 660 ஆகும். இந்த மாற்றம் அவரவர் சொந்தக் கோப்புகளுக்கும் பொருந்தும் என்பதால், வீட்டுக் கோப்புறையை 700 என்று மூடிவைத்துவிடுவது நல்லது.

புதிய கோப்பு எந்தக் குழுவுக்குச் சேரும் என்பதும் கணினியைப் பொறுத்தது. பிஎஸ்டி வழிவந்தவற்றில் அது கோப்புறையின் குழுவைத் தானாகவே ஏற்கும். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸ் வகையான சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டில் கோப்புறைக்கு ‘செட்ஜிஐடி’ பிட் என்ற இன்னொரு கூடுதல் குறியை வைத்தால்தான் அப்படி நடக்கும். அதைச் சில கணினிகளில் எண்ணால் வைக்க இயலாது. அனுமதியை மாற்றும் சிஎச்மோட் (chmod) கட்டளைக்கு ‘ஜி+எஸ்’ (g+s) என்று எழுத்தாகவே கொடுக்க வேண்டும்.

கேள்வி: எல்லோரும் படிக்கலாம், ஒருவர் மட்டும் படிக்கக் கூடாது என்று வைக்க முடியுமா?

பதில்: முடியும். அனுமதியைச் சோதிக்கும்போது யூனிக்ஸ் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற வரிசையில் பார்த்து, முதலில் பொருந்தும் இடத்திலேயே நின்றுவிடும். அந்த ஒருவர் மட்டும் உள்ள குழுவுக்குக் கோப்பை மாற்றி 604 என்று வைத்தால், குழுவுக்கு உரிய பூஜ்யத்திலேயே அவர் தடுக்கப்படுவார். பிஎஸ்டியில் நீங்கள் உறுப்பினராக இல்லாத குழுவுக்குக் கோப்பை மாற்ற ரூட்டின் உதவி தேவைப்படும். 4.2பிஎஸ்டி முதல் ஒருவர் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்க முடிவதால் அங்கே இந்தத் தடை வேலை செய்யும். பழைய சிஸ்டம் ஃபைவில் ஒரு நேரத்தில் ஒரு குழுதான். உள்நுழையும்போது அவருடைய குழு வேறாக இருந்தால், அவர் ‘மற்றவர்’ என்ற வகையில் சேர்ந்து கோப்பைப் படித்துவிடுவார். அங்கே படிக்க வேண்டியவர்களை ஒரு குழுவாக்கி, கோப்புக்கு 640 என்று வையுங்கள்.