புது ஃபைபர் இணைப்பு: ஆள் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக்கு முதன்முறையாக ஃபைபர் பிராட்பேண்ட் வாங்குபவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

நாமக்கல்லிலிருந்து: அண்ணா, நேற்று ஆள் வந்து கேபிள் இழுத்து மோடம் மாட்டினார். ஓடிபி வாங்கிக்கொண்டு, "கொஞ்ச நேரத்தில் ஆக்டிவேட் ஆகிவிடும்" என்று சொல்லிப் போனார். இன்னும் நெட் வரவில்லை. மோடத்தில் பான் (PON) என்று எழுதிய விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. காத்திருக்கலாமா?

மோடத்தில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். காத்திருந்து பயனில்லை, உடனே புகார் கொடுங்கள். சிவப்பு இல்லாமல் பான் மட்டும் மின்னினால், பெரும்பாலும் மோடத்தின் சீரியல் எண்ணை அலுவலகத்தில் இன்னும் ஏற்றவில்லை என்று பொருள். மோடத்துக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படமெடுத்து வந்தவருக்கே அனுப்புங்கள். பான் நிலையாக எரிந்தும் நெட் இல்லையென்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு ஏற்றியதில் பிழை இருக்கலாம், அல்லது ஆதார் சரிபார்ப்பு முடியாமல் இருக்கலாம்.

ஓடிபி விஷயத்தை எல்லோருக்குமே சொல்கிறேன். வேலை முடிந்தது என்று கணக்கை மூடத்தான் அதைக் கேட்கிறார்கள். நெட் வந்து, வேகமும் பார்த்த பிறகு கொடுங்கள். முன்னாடியே கொடுத்துவிட்டால் அவரைத் திரும்ப வரவழைப்பது பெரும்பாடு.

திருநெல்வேலியிலிருந்து: 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டேன் சார். போனில் சோதித்தால் 35தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் சோதித்தது வைஃபையை, லைனை அல்ல. லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு இணைத்து, மற்ற போன்களின் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். அதில் 95 வந்தால் லைன் சரி. அதிலும் 35 என்றால் சண்டை போட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

லைன் சரி என்றால் போன் எந்த வைஃபை அலைவரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதி வேகம் குறையும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். அதனால்தான் மோடம் வைக்கும் இடம் முக்கியம் என்று ஓயாமல் சொல்கிறேன். கேபிள் மிச்சமாகும் என்று வாசல் பக்கத்திலேயே மாட்டிவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஹாலின் நடுவில், ஆள் உயரத்தில், இரும்பு பீரோவுக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சுவர் மூலையில் கேபிளைச் சுருக்கென்று மடக்கினாலும் ஒளி கசியும்.

ஆள் இருக்கும்போதே பவர் மீட்டரில் டிபிஎம், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் 18 முதல் மைனஸ் 23 வரை நிம்மதி. மைனஸ் 27 என்பது விளிம்பு. இன்று ஓடும், நாளை எங்காவது ஒரு இணைப்பு தளர்ந்தால் நின்றுவிடும். அப்படிக் காட்டினால் கனெக்டரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, டவுன்லோடு ஆகும்போது 12 எம்பி என்று காட்டினால் பயப்படாதீர்கள். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எம்பி என்பது மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும்.

தஞ்சாவூரிலிருந்து: கரண்ட் போனால் நெட்டும் போகுமா?

மோடத்துக்குக் கரண்ட் வேண்டும், ஆகவே போகும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி வையுங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். அலுவலகத்திலிருந்து நேராக ஃபைபர் வரும் லைனில் தெருவில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. சில இடங்களில் உள்ளூர் கேபிள்காரர் தெருவில் நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும், கரண்டில் ஓடும் ஸ்விட்ச் பெட்டி வைத்து லேன் ஒயர் இழுத்துத் தருவார். அங்கே தெருவில் கரண்ட் போனால் உங்கள் யூபிஎஸ் உதவாது.

ஓசூரிலிருந்து: 499 ரூபாய் பிளான் என்றார்கள். முதல் பில் அதைவிட அதிகமாக வந்திருக்கிறது.

499 என்பது வரி சேர்க்காத விலை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 588 ரூபாய் 82 காசு. இணைப்பு மாதத்தின் நடுவில் தொடங்கியிருந்தால் மீதி நாள்களுக்கான கட்டணத்தையும் அடுத்த மாத முன்பணத்தையும் ஒரே பில்லில் சேர்ப்பதுண்டு. அதுபோக வேறு தொகை இருந்தால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வந்தவர் கேபிளுக்கென்று ரொக்கம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

சேலத்திலிருந்து: பழைய லேண்ட்லைன் போனை இதில் மாட்டலாமா?

பிளானில் போன் வசதி இருந்தால், மோடத்தின் பின்பக்கத்தில் உள்ள போன் துளையில் மாட்டலாம். பழைய செம்புக்கம்பி மோடம் மட்டும் இதற்கு ஆகாது.

கோவையிலிருந்து: கடை சிசிடிவியை வீட்டிலிருந்து பார்க்க கடைக்குப் புது லைன் போட்டேன். வெளியிலிருந்து கேமராவுக்கு வழி திறக்க மோடத்தில் போர்ட் ஃபார்வர்டு செய்தும் வரவில்லை.

மோடத்தில் வான் (WAN) ஐபி, அதாவது மோடத்துக்குக் கம்பெனி கொடுத்த இணைய முகவரி, என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். அதில் போர்ட் ஃபார்வர்டு வேலை செய்யாது. கேமரா கம்பெனியின் கிளவுட் ஆப்பில் பாருங்கள், இல்லையென்றால் தனிக் கட்டணம் கட்டி, உங்களுக்கு மட்டுமேயான மாறாத ஸ்டேட்டிக் ஐபி வாங்குங்கள். எதுவானாலும் மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டையும் கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரின் பாஸ்வேர்டையும் இன்றே மாற்றிவிடுங்கள்.