மூடிவைத்த பியானோவை மறுபடி திறக்கும்போது: கேள்வி பதில்

கையில் அடி, பரீட்சையில் தோல்வி, வீட்டில் இழப்பு, வருடக்கணக்கில் இடைவெளி. ஏதோ ஒன்றால் கிளாசிக்கல் பியானோவை விட்டுவிட்டு, திரும்ப உட்கார நினைக்கும் இளையவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகளுக்குப் பியானோ ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (கோவை, வயது 19): டீச்சர், பியானோ பரீட்சையில் கிரேடு 6 முடித்த கையோடு நீட் கோச்சிங்குக்காக நிறுத்தினேன். இரண்டு தடவை எழுதியும் சீட் கிடைக்கவில்லை. இப்போது பழைய பீஸை (இசைப் படைப்பை) எடுத்தால் எட்டாவது பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) விரல் சிக்குகிறது. இதுவும் போச்சா என்று அழுகை வருகிறது.

பதில்: போகவில்லைம்மா. உங்கள் காது இன்னும் கிரேடு 6-இல் இருக்கிறது, விரல் மட்டும் கிரேடு 3-க்கு இறங்கியிருக்கிறது. அந்த இடைவெளிதான் வலிக்கிறது. பழைய பீஸைக் கையில் எடுத்தால் தினமும் அந்த இடைவெளியையே அளந்துகொண்டிருப்பீர்கள். இரண்டு மாதம் அதை உள்ளே வைத்துவிடுங்கள்.

பாக்கின் சி மேஜர் பிரெலூடிலிருந்து தொடங்குங்கள் (வெல் டெம்பர்ட் கிளேவியர் முதல் தொகுதியின் முதல் பீஸ்). மொத்தம் 35 பார். கடைசி மூன்றைத் தவிர ஒவ்வொரு பாரும் ஐந்து நோட் கொண்ட ஒரே கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் நோட்டுகளின் தொகுப்பு) தான்: இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. முதல் வாரம் அதை உடைத்து, ஒவ்வொரு நோட்டாக வாசிக்கவே வேண்டாம். ஐந்தையும் ஒன்றாக அழுத்தி, ஓசை அடங்கும்வரை கேட்டுவிட்டு அடுத்த கார்டுக்குப் போங்கள். ஒரு நாளைக்கு நான்கு பார் போதும். 24-ஆம் பாரிலிருந்து 31 வரை அடியில் ஜி அசையாமல் நிற்க, மேலே கார்டுகள் மட்டும் மாறி மாறி இறுகும். 32-இல் அடிநோட் சி-க்கு இறங்கும்போது உடம்பே தளர்வதை உணர்வீர்கள். நீங்கள் தொலைத்தது இந்த உணர்வைத்தான், கிரேடை அல்ல. இரண்டாம் வாரம் உடைத்து வாசியுங்கள், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டில், பெடல் (ஓசையை நீட்டும் மிதி) இல்லாமல்.

அதன்பின் ஷோபானின் ஏ மேஜர் பிரெலூட் (ஓபஸ், அதாவது படைப்பு வரிசை எண் 28, அதில் எண் 7). வெறும் 16 பார்தான். இடது கை அடிநோட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பெடல் அதைப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பீஸ் முழுக்க அடித்தளம் இல்லாமல் மிதக்கும். 12-ஆம் பாரின் பெரிய கார்ட் கைக்கு எட்டாவிட்டால் கீழிருந்து மேலாக உருட்டுங்கள், விரலை இழுத்து நீட்ட வேண்டாம்.

கேள்வி (சென்னை, வயது 17): போட்டிக்காக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வாசித்து மணிக்கட்டில் தசைநாண் வீக்கம். ஆறு வாரம் ஓய்வுக்குப் பிறகு டாக்டர் வாசிக்கலாம் என்கிறார். எப்படி ஆரம்பிப்பது?

பதில்: கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதல் வாரம் ஐந்து நிமிடம், காலை ஒன்று மாலை ஒன்று. இரண்டாம் வாரம் ஐந்து நிமிடமாக மூன்று தடவை. மூன்றாம் வாரம் எட்டு எட்டு நிமிடமாக மூன்று. நேரத்தைக் கூட்டுகிற வாரத்தில் வேகத்தையோ சத்தத்தையோ கூட்டாதீர்கள். வாசிக்கும்போது வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மறுநாள் காலை வலி முந்தைய நாளைவிட அதிகமாக இருந்தால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்புங்கள். "கைச்சூடு ஏறினால் சரியாகிவிடும்" என்று தாண்டிப் போகிறவர்கள்தான் மறுபடி ஆறு வாரம் உட்காருகிறார்கள்.

முதல் மாதம் ஆக்டேவ் (எட்டு வெள்ளைக் கட்டை அகலம்), ட்ரெமோலோ (இரண்டு நோட்டை வேகமாக மாறி மாறி அடிப்பது), கை முழுக்க விரியும் கார்ட் எதுவும் வேண்டாம். நாற்காலி உயரத்தையும் பாருங்கள். முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ ஒரு விரல்கடை மேலேயோ இருக்க வேண்டும். தாழ உட்கார்ந்தால் மணிக்கட்டு பின்னுக்கு மடிந்தபடியே உழைக்கும். வாசிக்காத விரல், முக்கியமாகக் கட்டைவிரல், விறைத்து நிற்கிறதா என்று செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலிக்கு கட்டைவிரலாலேயே செல்போன் தட்டுவதும் எண்ணெய் ஊற்றுகிறது. மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் மரத்துப்போவது போல இருந்தால் அது தசைநாண் இல்லை, நரம்பு; உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி (திருச்சி, வயது 15): சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. கிரேடு 5 வாசிப்பேன். ஆறு வாரமும் சும்மாதான் இருக்கணுமா?

பதில்: வேண்டியதில்லை தம்பி. இடது கைக்கென்றே எழுதிய இசை ஒரு தனி உலகம். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் ஒரு முழு கான்செர்ட்டோவே (ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் பெரிய படைப்பு) எழுதினார். ஸ்க்ரியாபின் தன் வலது கை பழுதானபோது எழுதிய ஓபஸ் 9-ம் இடது கைக்கு மட்டுமே. இவை உன் நிலைக்கு மிகப் பெரியவை, இப்போதைக்குக் கேட்க மட்டும். வாசிக்க, பாக்கின் மகன் சி.பி.இ. பாக் ஏதாவது ஒரு கைக்கு மட்டும் என எழுதிய ஏ மேஜர் பீஸைத் தேடு.

நடு சி-க்கு நேராக உட்காராமல் ஒரு சாண் வலப்பக்கம் நகர்ந்து உட்கார். அப்போதுதான் முதுகைத் திருகாமல் மேல் கட்டைகள் எட்டும். மெலடி பெரும்பாலும் கட்டைவிரலுக்கு வரும், அதனால் மற்ற நான்கு விரலும் மெதுவாக ஒலிக்கப் பழக்கு. இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரே கை இரண்டு கை வேலையைச் செய்கிறது. கட்டுப் பிரித்த பிறகு பார்த்தால் பழைய பீஸ்களின் பேஸ் வரி புதிதாகக் கேட்கும்.

கேள்வி (மதுரை, வயது 13): மிஸ், ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைத் தேர்வு வாரியம்) கிரேடு 4-இல் 97. மூன்று மார்க்கில் ஃபெயில். பீஸ் 21, 20, 22, ஸ்கேல் (சுர வரிசை) 12, சைட் ரீடிங் (முன்பு பார்க்காததை உடனே வாசிப்பது) 9, ஆரல் (காதால் கேட்டுச் சொல்வது) 13. எனக்கு பியானோ வராதா?

பதில்: மார்க் ஷீட்டை ஒழுங்காகப் படி கண்ணா. பீஸுக்கு 30-க்கு 20 எடுத்தால் பாஸ், மூன்றிலும் பாஸ். ஆரலுக்கு 12 தேவை, 13 எடுத்திருக்கிறாய். வாசிப்பு உனக்கு வந்திருக்கிறது என்று பரிசோதகரே எழுதிக் கொடுத்திருக்கிறார். 14 வேண்டிய சைட் ரீடிங்கில் போனது ஐந்து, ஸ்கேலில் இரண்டு. இந்தத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் பாஸ் ஆக வேண்டும் என்ற விதி இல்லை, மொத்தம் 100 போதும். அந்த மூன்று மார்க் சைட் ரீடிங்கில்தான் கிடக்கிறது.

கொடுக்கும் அரை நிமிடத்தில் பார்த்துக்கொண்டே உட்காராதே, வாசித்துப் பார்க்க அனுமதி உண்டு. முதல் பார், கடைசி பார், கருப்பாக நெருக்கமாகத் தெரியும் பார், இந்த மூன்றையும் தொட்டுப் பார். பிறகு மெதுவாக ஆரம்பித்து நிற்காமல் போ. தவறிய நோட்டைத் திருத்தத் திரும்புவதுதான் அதிக மார்க்கைத் தின்னும். தினமும் கிரேடு 2 அளவில் இதுவரை பார்க்காத இரண்டு வரி, ஒரே ஒரு தடவை. நான்கு பீஸ் மட்டும் வீடியோவில் அனுப்பும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடும் இருக்கிறது. ஆனால் சைட் ரீடிங்கைத் தவிர்க்க அதற்குப் போகாதே. புதுப் புத்தகத்தைத் திறந்து தானாகவே வாசிக்கும் சந்தோஷத்தை சைட் ரீடிங்தான் கொடுக்கும்.

கேள்வி (சிங்கப்பூர், வயது 16): பள்ளி நிகழ்ச்சியில் நடுவில் எல்லாம் மறந்துபோய் எழுந்து வந்துவிட்டேன். அதிலிருந்து யார் முன்னாலும் வாசிக்க முடியவில்லை. நண்பன் பதற்றத்துக்கு ப்ரோப்ரனலால் போடச் சொல்கிறான்.

பதில்: அந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மறந்ததற்குக் காரணம் பெரும்பாலும் விரல் பழக்கத்தை மட்டும் நம்பியதுதான். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததைப் பிடிக்க வழியில்லை. பீஸை எட்டுப் பத்து நிலையங்களாகப் பிரித்து எண் போடுங்கள். யாராவது "ஆறு" என்றால் ஆறிலிருந்து தொடங்க வரவேண்டும். கடைசி நிலையத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாக முந்தைய நிலையத்துக்கு வந்தும் பழகுங்கள். இடது கையை மட்டும் மனப்பாடமாக வாசித்துப் பாருங்கள், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். மேடையில் தடுக்கினால் பின்னால் போகக் கூடாது, அடுத்த நிலையத்துக்குத் தாவுங்கள். முதலில் செல்போன் ரெக்கார்டர் முன், அப்புறம் வீட்டில் ஒருவர், அப்புறம் மூன்று பேர். நோட்டைப் பார்த்து வாசிப்பதும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கேள்வி (நாகர்கோவில், சித்தி): அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. அவள் வாசிக்கும்போது அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டுவார். அவர் இறந்து மூன்று மாதம். பியானோ பக்கமே போவதில்லை. என்ன செய்ய?

பதில்: வாசிக்கச் சொல்லாதீர்கள். "அப்பாவுக்குப் பிடிக்குமே" என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம், அது பாரம். அவர் புரட்டிய பீஸ்களின் புத்தகத்தை அவளே கேட்கும்வரை எடுக்க வேண்டாம். பியானோவைத் துடைத்து, ட்யூன் செய்து வையுங்கள். வகுப்புக் கட்டணத்தை நிறுத்த நேர்ந்தாலும் ஆசிரியரோடு பேச்சை நிறுத்தாதீர்கள். அவளாக உட்காரும் நாளில் அப்பாவோடு தொடர்பு இல்லாத, பக்கம் புரட்டத் தேவையில்லாத ஒரு பக்கப் பீஸ் ஸ்டாண்டில் இருக்கட்டும். பாதியில் அழுது எழுந்தால் அதுவும் வாசிப்புதான், விட்டுவிடுங்கள்.

சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாமே குலைந்திருந்தால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு இலவசமாகப் பேசலாம். இதில் வெட்கம் இல்லை. 1897-இல் முதல் சிம்ஃபனி தோற்றபின் எழுத முடியாமல் முடங்கிய ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் டாக்டர் நிகோலாய் டாலிடம் சிகிச்சைக்குப் போனார், தன் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே அர்ப்பணித்தார்.

கேள்வி (ஈரோடு, வயது 18): அப்பா தொழில் நொடித்து பியானோவை விற்றுவிட்டோம். 61 கட்டை கீபோர்டுதான் இருக்கிறது. கிளாசிக்கல் முடியுமா?

பதில்: பாக்கின் 15 இரண்டு குரல் இன்வென்ஷனும் (ஒவ்வொரு கைக்கும் ஒரு மெலடி வரும் சிறிய பீஸ்கள்) நான்கு ஆக்டேவுக்குள் அடங்கியவை. 61 கட்டை ஐந்து ஆக்டேவ், தாராளம். 'டச்' வசதியை (அழுத்தத்துக்கேற்ப சத்தம் மாறுவது) ஆன் செய்து, பியானோ ஒலியை மட்டும் வையுங்கள். ஷோபானுக்கு அது போதாது. கட்டையில் கனம் இல்லாததால் மெதுவான ஓசையைப் பழக முடியாது. வாரம் ஒருமுறை சர்ச்சிலோ இசைப் பள்ளியிலோ நிஜ பியானோவில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (வேலூர், வயது 20): சின்ன வயதில் டீச்சர் அளவுகோலால் விரல்முட்டியில் அடிப்பார். இன்றும் ஸ்கேல் வாசித்தால் தோள் காதுவரை ஏறுகிறது.

பதில்: அது அடி, பாடம் இல்லை. ஆறு மாதம் ஸ்கேல் வேண்டாம். அதற்குப் பதில் ஐந்து விரல் வரிசை, மூச்சை வெளியே விட்டபடி ஒரு மூச்சுக்கு ஒரு வரிசை. தோள் ஏறினால் கையை மடியில் விழவிட்டு மறுபடி எடுங்கள். தப்பு நோட் விழுந்தால் அதன் மேலேயே இரண்டு விநாடி நில்லுங்கள். அடி வராது என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி (சென்னை, வயது 22): நான்கு வருடம் மூடியிருந்த அப்ரைட் பியானோ (நிமிர்ந்து நிற்கும் வகை). சில கட்டைகள் அழுத்தினால் எழும்புவதில்லை. எண்ணெய் விடலாமா?

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம். கடலோர ஈரத்தில் கட்டைக்கு உள்ளே இருக்கும் மரமும் ஃபெல்ட்டும் உப்பியிருக்கும், எண்ணெய் பட்டால் ஃபெல்ட் கெட்டுவிடும். ட்யூனரைக் கூப்பிட்டு, ஃபெல்ட்டில் பூச்சி, உள்ளே எலி, கம்பியில் துரு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு நாள் தளர்ந்த கம்பிகள் ஒரே ட்யூனிங்கில் 440 ஹெர்ட்ஸில் (வழக்கமான சுருதி அளவில்) நிற்காது. முதலில் சுருதியைத் தோராயமாக ஏற்றி, அதன் மேல் சரியாக ட்யூன் செய்து, சில வாரம் கழித்து மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும். இரண்டு தடவைக்கும் சேர்த்தே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.