குறைந்த விலையில் நல்ல பெரிய வெட்டுக்கத்தியை எப்படிப் பார்த்து வாங்குவது?

மடக்க முடியாதபடி அலகும் பிடியும் நிலையாகச் சேர்ந்திருக்கும் கத்தி இது; ராமநாதபுரம் கரையோரம் பனை மட்டை கழிக்கவும் சீமைக்கருவேலம் வெட்டவும் கையில் எடுப்பது. காசு கம்மி என்றால் பளபளப்பைப் பார்க்காதீர்கள், முதலில் பிடியைப் பாருங்கள். அலகின் இரும்பு பிடிக்குள் கடைசி வரை ஓடி, இரண்டு மூன்று ஆணியால் இறுகியிருக்க வேண்டும். பல்லுக்கு வேர் மாதிரி, ஒவ்வொரு வெட்டின் அதிர்வையும் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் அந்தப் பகுதிதான், அது குட்டையாக இருந்தால் ஆடி ஆடி ஒருநாள் அலகு கழன்று பறக்கும், பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் என்ன ஆகும்!

அப்புறம் இரும்பு. கொல்லுப் பட்டறையில் பழைய லாரி வில்பட்டையில் அடித்த கத்திதான் கொடுக்கிற காசுக்குச் சரி என்பேன், கரிமம் கூடிய எஃகு என்பதால் கூர் நிற்கும். விளிம்பில் அரத்தை லேசாக ஓட்டுங்கள்: கஷ்டப்பட்டுக் கடித்தால் நல்லது, சுலபமாகச் சுரண்டினால் தோய்ச்சல் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இரும்பைக் கடினமாக்குவது) போதாது, கொஞ்சமும் கடிக்காமல் வழுக்கினால் விளிம்பு சில்லு பெயரலாம்.

துருப் பிடித்தால் மட்டமான இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எவர்சில்வரில் உள்ளதுபோல் 10.5 சதவீதத்துக்குக் குறையாத குரோமியம் இதில் கிடையாது, அதனால் உப்புக்காற்றில் நல்ல எஃகும் துருவேறும், கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.