மகன் செட்டில்மென்ட் எழுதச் சொல்கிறார், கையெழுத்து போடலாமா?

கேள்வி: எனக்கு 67 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நாமக்கல் பக்கம் என் சேமிப்புப் பணத்தில் வாங்கிய மனையும் அதில் கட்டிய வீடும் என் பெயரில் இருக்கின்றன. கணவர் இல்லை. மகன், மகள் இருவருக்கும் திருமணமாகிவிட்டது. மகன் குடும்பத்தோடு அதே வீட்டில்தான் இருக்கிறேன். மாடி கட்ட பேங்க் லோன் வாங்க வேண்டும், வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுங்கள் என்று மகன் கேட்கிறான். உயில் எழுதி வைக்கிறேன் என்றேன். பத்திரம் எழுதுபவரோ, "உயிலெல்லாம் நிற்காதும்மா, கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார்கள். செட்டில்மென்ட்தான் பக்கா. பிடிக்காவிட்டால் பிறகு ரத்து செய்துகொள்ளலாம். மதிப்பு ஏறப்போகிறது, இந்த மாதமே முடித்துவிடுங்கள்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, இந்த மாதம் எதிலும் கையெழுத்து போடாதீர்கள். அந்தப் பத்திர எழுத்தர் சொன்னதில் பாதிக்கு மேல் தவறு. மீதி, அவருக்குச் சௌகரியமான அரை உண்மை.

உயில் என்பது நீங்கள் காலமான பிறகு பேசும் காகிதம். அதுவரை வீடு உங்களுடையது. விற்கலாம், வாடகைக்கு விடலாம், உயிலையே கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவது; அந்தப் பத்திரம் பதிவான அன்றே பேச ஆரம்பித்துவிடும். காலையில் உங்கள் வீட்டிலிருந்து பத்திர ஆபீசுக்குக் கிளம்புவீர்கள், மதியம் மகன் வீட்டுக்குத் திரும்பி வருவீர்கள். அதே திண்ணை, அதே சமையலறை. ஆனால் சட்டப்படி இனி அவர் இருக்கச் சொல்லும்வரைதான் நீங்கள் அங்கே இருக்கலாம்.

உங்கள் மகன் நல்லவராகவே இருக்கட்டும். இருப்பார் என்றே நானும் நினைக்கிறேன். நல்ல பிள்ளைக்கும் ஆயுள் நம் கையில் இல்லை. கேட்கக் கஷ்டமான விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த பிறகு, மகன் உயில் எதுவும் எழுதாமல் உங்களுக்கு முன்னால் போய்விட்டால், அந்த வீடு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தால், நீங்கள் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் உங்களுக்குக் கால் பங்கு. இந்த ஒரு கணக்கை எந்தப் பத்திர எழுத்தரும் எந்தத் தாய்க்கும் போட்டுக் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"பிடிக்காவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்" என்றாரே, அதுதான் அவர் சொன்னதில் மிக ஆபத்தானது. செட்டில்மென்டைச் சட்டம் தானமாகவே பார்க்கிறது. கொடுத்தவர் மனம் மாறினார் என்பதற்காகத் தானத்தைத் திரும்பப் பெற முடியாது. முன்பெல்லாம் எழுதிக் கொடுத்தவர் மட்டும் போய் ஒரு ரத்துப் பத்திரம் பதிவு செய்துவிட்டு வருவதும், அந்தப் பதிவுக்கு ஒரு கட்டணம் வாங்கப்படுவதும், பிறகு அதை ரத்து செய்ய எதிர்த்தரப்பு கோர்ட்டுக்கு ஓடுவதுமாக இருந்தது. அப்படி ஒருதலையாக ரத்துப் பத்திரம் பதியக் கூடாது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் மகனும் கூட வந்து கையெழுத்து போட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் சிவில் கோர்ட் படியேற வேண்டும். இது தெரியாத பத்திர எழுத்தர் இருக்க முடியாது. தெரிந்தே சொல்கிறார்.

மதிப்பு ஏறப்போகிறது என்ற அவசரமும் வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையிலிருந்து இந்தக் கணக்குதான். உங்கள் சொத்தின் மதிப்பு 40 லட்சத்தைத் தாண்டியிருந்தால், அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு எவ்வளவு ஏறினாலும் இதற்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. தாண்டாவிட்டாலும் ஏறுவது சில ஆயிரங்கள். சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க வீட்டைக் கொடுப்பார்களா? "ஆபீஸ் செலவு" என்று தனியாக ஒரு தொகை கேட்டால் ரசீது கேளுங்கள். அரசுக்குப் போகும் பணத்துக்கு ரசீது உண்டு. மற்றது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் நிறுத்துவதாக இல்லை.

சரி, உயில் நிற்காதா? நிற்கும். ஒழுங்காக எழுதினால் நன்றாகவே நிற்கும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பதிவான உயில் வில்லங்கச் சான்றில் வராது. அது தனிப் புத்தகத்தில் இருக்கும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலை மகனோ மகளோ கேட்டு வாங்க முடியாது. பிறகு மாற்ற நினைத்தால் அந்தப் புதிய உயிலையும் பதிவு செய்துவிடுங்கள். ஏனென்றால் கடைசியாக எழுதியதுதான் செல்லும், அது பதிவாகாத காகிதமாக இருந்தாலும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரேகை வாங்கிய "கடைசி உயில்" ஒன்று பிற்பாடு முளைப்பது இந்தச் சந்தில்தான்.

உயில் உடைவது பெரும்பாலும் சாட்சிகளிடம். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும், நீங்கள் கையெழுத்து போட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். நாளைக்குத் தகராறு என்றால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து அதைச் சொல்ல வேண்டும். நான் நடத்திய ஒரு வழக்கில் உயில் பதிவாகியிருந்தது, எழுதியவர் தெளிவான மனிதர், குறையே இல்லை. ஆனால் சாட்சி இருவரும் பத்திர எழுத்தர் பிடித்துக் கொடுத்தவர்கள். ஒருவருடைய முகவரி என்ற இடத்தில் அந்தப் பத்திர எழுத்தர் கடையின் முகவரியே இருந்தது, ஆளைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னொருவர் காலமாகிவிட்டார். இறந்தவரின் மகனைத் தேடிப் பிடித்து, கூட்டுறவுச் சங்கக் கடன் படிவத்தில் அவர் அப்பா போட்டிருந்த கையெழுத்தையும் உயிலில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "ஆமாம், இது என் அப்பா கையெழுத்துதான்" என்று கூண்டில் சொல்ல வைத்துத்தான் அந்த உயிலைக் காப்பாற்றினோம். அந்த 'க'வின் சுழியை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். அதற்குள் மூன்று வருடம் போய்விட்டது. உங்களிடம் படித்து, இன்று நாற்பது வயதில் உள்ளூரிலேயே வேலை பார்க்கும் மாணவர்கள் இருவர் கிடைக்க மாட்டார்களா? அவர்களைக் கூட்டிப் போங்கள். உயிலில் பங்கு பெறுபவர் யாரும் சாட்சியாக வேண்டாம். அன்றைய தேதியிட்டு, நீங்கள் தெளிவான மனநிலையில் இருப்பதாக ஒரு டாக்டர் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உயிலுக்குக் கெட்ட பெயர் வந்ததில் வருவாய்த் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. முறையான உயிலோடும் இறப்புச் சான்றோடும் பட்டா மாற்றப் போனால், வாரிசுச் சான்று கொண்டு வா என்பார்கள். கொண்டு போனால், எல்லா வாரிசுகளும் சம்மதக் கையெழுத்து போட வேண்டும் என்பார்கள். எல்லோரும் சம்மதிப்பதாக இருந்தால் அந்த அம்மா உயிலே எழுதியிருக்க மாட்டாரே! எழுதியவரின் விருப்பத்தை மதிக்காமல், பங்கு கிடைக்காதவரிடம் போய் அனுமதி வாங்கி வரச் சொல்வது என்ன நியாயம்? இந்த அலைச்சலைப் பார்த்த ஜனங்கள்தான் "உயில் வேஸ்ட்" என்கிறார்கள். அதைச் சொல்லித்தான் இடைத்தரகர்கள் செட்டில்மென்ட் பக்கம் தள்ளுகிறார்கள். அந்த அலைச்சல் உயில்படி சொத்தைப் பெறுபவருக்கு, உங்களுக்கல்ல. அவருடைய அலைச்சலைக் குறைக்க நீங்கள் உங்கள் கூரையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு செட்டில்மென்ட்தான் எழுதுவேன் என்றால், ஒரே ஒரு வழி இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று 2007இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவு, 60 வயது நிறைந்தவர் தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம் என்கிறது. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் "சட்டம் இருக்கிறதே" என்று தைரியமாகக் கையெழுத்து போடுகிறார்கள். "நிபந்தனையோடு" என்ற வார்த்தையைக் கவனிப்பதில்லை. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும், பிள்ளை என்றால் பார்த்துக்கொள்வான் என்பது தானாகவே அடங்கியிருக்கிறது என்று வாதிட்டால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாய்க்கு வீட்டைத் திரும்பக் கொடுத்தது. அங்கே பத்திரம் பதிந்த அன்றே, கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழித் தாள் ஒன்று இருந்தது. அன்பு, பாசம் காரணமாக எழுதிக் கொடுத்தது என்ற வாசகத்துக்குள்ளேயே பராமரிக்கும் நிபந்தனை இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025இல் ஒரு வழக்கில் எடுத்துக்கொண்டது. மனசுக்கு நிம்மதி தரும் தீர்ப்பு. ஆனாலும் அதை நம்பி இறங்காதீர்கள். நிபந்தனை பத்திரத்திலேயே, கறுப்பு மையில், உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பத்திர எழுத்தர்களின் கம்ப்யூட்டரில் இருக்கும் மாதிரிப் பத்திரத்தில் நேர் எதிரான வரிகள் இருக்கும். "எவ்வித நிபந்தனையுமின்றி", "சொத்தின் சுவாதீனத்தை இன்றே ஒப்படைத்துவிட்டேன்", "இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை". பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றிவிட்டு அச்செடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நீங்களும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து போட்டுவிடுவீர்கள். அந்த மூன்று வரிகளையும் அடிக்கச் சொல்லுங்கள். பதிலுக்கு இரண்டு விஷயங்களை எழுதச் சொல்லுங்கள். ஒன்று, என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வந்தால் அனுபவிக்கவும் எனக்கே உரிமை, நான் இருக்கும்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்பது. இன்னொன்று, என் உணவு, உடை, மருத்துவம் எல்லாவற்றையும் மகன் கவனித்துக்கொள்ள வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது என்பது. ஆயுட்கால உரிமையை வைத்துக்கொண்டு தானம் கொடுப்பது செல்லும், அதில் சந்தேகமே வேண்டாம்.

அந்த நிபந்தனை இருந்தாலும் தீர்ப்பாயம் சுலபமான இடமில்லை. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலக வராண்டாவில் காத்திருக்கும் பெரியவர்களை வாராவாரம் பார்க்கிறேன். அதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார் என்று மதியம் மூன்று மணிக்கு வந்து சொல்வார்கள். எழுபது வயதுக்காரரை முதல் மாடிக்கு வரச் சொல்லும் அலுவலகத்துக்கு மூத்த குடிமக்கள் சட்டம் எதற்கு?

இப்போது லோன். மகன் கேட்பது உண்மையில் லோன்தான், வீடு அல்ல என்று எடுத்துக்கொள்வோம். ஆயுட்கால உரிமை எழுதிய பத்திரத்துக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும். அதனால்தான் நிபந்தனையில்லாத பத்திரமாகக் கேட்கிறார்களோ என்னவோ. ஆனால் சொத்து உங்கள் பெயரிலேயே இருக்க, நீங்களும் இணைக் கடன்தாரராகச் சேர்ந்து, கடனை மகன் கட்டுவது போல வாங்க முடியுமா என்று வங்கி மேனேஜரிடம் நேரே போய்க் கேளுங்கள். ஏஜென்டிடம் கேட்க வேண்டாம். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. தவணை தவறினால், வங்கிகள் கடனை வசூலிக்க வந்த 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். மகனுடைய சம்பளத்துக்குத் தவணை தாங்குமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கடன் தொகைக்கு அவர் பெயரில் இன்சூரன்சும் எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு வழி, முழு வீட்டையும் கொடுக்காமல் மனையில் பிரிக்கப்படாத பாதிப் பங்கையும் மாடி கட்டும் உரிமையையும் மட்டும் மகனுக்கு எழுதுவது. கீழ்த்தளம் உங்களிடம் இருக்கும், அதற்கு உயில் எழுதிக்கொள்ளலாம்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வீடு உங்கள் சொந்தச் சம்பாத்தியம், எதை எழுதவும் மகள் கையெழுத்து தேவையில்லை. எதுவும் எழுதாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பாதி. அது போதும் என்று தோன்றினால் உயிலும் வேண்டாம்.

பத்திர எழுத்தர் வரைவு தயாராகிவிட்டது என்று கூப்பிட்டால், அதன் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இரண்டு நாள் உங்களிடமே இருக்கட்டும். நகல் தர மாட்டேன், பதிவு நாளன்று படித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். கிடைத்த வரைவில் "நிபந்தனையின்றி" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள், வகுப்பில் நோட்டு திருத்திய அதே சிவப்புப் பேனாவோடு.