கைக்கு எட்டாத மூன்று பிளக்குகள்

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா ஓடிய 2000ஆம் ஆண்டு நிசான் செஃபிரோ கார் இப்போது என்னிடம் இருக்கிறது. காலி வீதியில் சமிக்ஞை விளக்குக்கு நிற்கும்போது ஸ்டியரிங் முதல் இருக்கை வரை நடுங்குகிறது. ஏற்றத்தில் மிஸ் அடிக்கிறது, அதாவது என்ஜின் விட்டுவிட்டு இழுக்கிறது. புகைப் பரிசோதனையிலும் ஹைட்ரோகார்பன் கூடுதல் என்று நிராகரித்துவிட்டார்கள். ஒரு கராஜில், சிலிண்டருக்குள் தீப்பொறி போடும் ஸ்பார்க் பிளக்குகள் ஆறையும் மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள். நடுக்கம் சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. வேறொரு பாஸ் (மெக்கானிக்) பார்த்துவிட்டு, "முன்னுக்குள்ள மூன்றைத்தான் மாற்றியிருக்கிறார்கள், பின்னுக்குள்ள மூன்றையும் மாற்ற என்ஜினின் மேற்பகுதியைக் கழற்ற வேண்டும், ஒரு நாள் வேலை" என்கிறார். அவரை நம்பலாமா? என் தம்பி ஓரளவு வேலை தெரிந்தவன். வீட்டிலேயே செய்ய முடியுமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்த இரண்டாவது பாஸ் சொல்வது நடக்கக்கூடிய விடயம்தான், சகோதரி. உங்கள் காரில் இருப்பது வி வடிவில் அமைந்த ஆறு சிலிண்டர் என்ஜின். அது குறுக்காகப் பொருத்தப்பட்டிருப்பதால், ரேடியேட்டர் பக்கத்தில் 2, 4, 6 ஆகிய மூன்று சிலிண்டர்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன. மற்றைய மூன்றும், அதாவது 1, 3, 5 ஆகியவை, ஓட்டுநர் அறையைப் பிரிக்கும் சுவர்ப் பக்கமாக, காற்றை உள்ளிழுக்கும் அலுமினியக் குழாய்த்தொகுதிக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. முன்னுக்குள்ளவற்றை அரை மணித்தியாலத்தில் மாற்றிவிடலாம். பின்னுக்குள்ளவை கை நுழையாத இடத்தில் இருப்பதால், அவற்றைத் தொடாமலேயே ஆறுக்கும் பணம் வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது என்னை மிகவும் வருத்தும் விடயம். ஏனெனில் இத்தகைய என்ஜின்களில் பழுது பெரும்பாலும் எவரும் பார்க்காமல் விட்ட அந்தப் பின்வரிசையிலேயே கிடக்கிறது.

பணம் கொடுப்பதற்கு முன்னர் நீங்களே உறுதிசெய்துகொள்ள ஒரு வழி உண்டு. என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் மேலும் அமர்ந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலின் வயர் இணைப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி மாட்டுமாறு தம்பியிடம் சொல்லுங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் இணைப்பைக் கழற்றினால் நடுக்கம் உடனே கூடும். ஏற்கெனவே எரியாத சிலிண்டரின் இணைப்பைக் கழற்றினால் எந்த மாற்றமும் தெரியாது. அந்த மாற்றம் தெரியாத இடம்தான் நோயுள்ள இடம். விரல் எரிபொருள் குழாய்களிலோ மின்விசிறியிலோ பட்டுவிடாமல் கவனமாக இருக்க வேண்டும். பின்வரிசையின் இணைப்புக்குக் கை எட்டாவிட்டால் வலிந்து இழுக்கக் கூடாது, அங்குள்ள பழைய பிளாஸ்டிக் பூட்டுகள் உடனே முறிந்துவிடும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்தால் நடுக்கம் அறவே நின்று, டிரைவில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது மட்டும் வருமானால், பிளக்கை விட, என்ஜினைத் தாங்கும் இறப்பர் மவுண்டுகளின் மேலேயே சந்தேகம் கொள்ள வேண்டும். ஆனால் உங்களுக்கு ஏற்றத்தில் மிஸ் அடிப்பதும் புகைப் பரிசோதனையில் ஹைட்ரோகார்பன் கூடியதும் சேர்ந்தே வந்திருக்கின்றன. ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழாவிட்டால் அங்கு போன பெற்றோல் எரியாமலேயே வெளியேறுகிறது. கருவி ஹைட்ரோகார்பன் என்று அளப்பது அதைத்தான். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. தேய்ந்து நுனியில் தீப்பொறி பாயும் இடைவெளி அகன்ற பிளக்கும் களைத்த கொயிலும் அந்த நேரத்தில்தான் கைவிடுகின்றன. எரியாத பெற்றோல் புகைக் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் உருக்கிவிடக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி வேலை. குழாய்த்தொகுதியைக் கழற்றாமலேயே, சொக்கெட்டை நீட்டும் குட்டையான எக்ஸ்டென்ஷன் தண்டுகளும் வளையும் மூட்டும் கொண்டு, கைத்தடவலில் பின்வரிசையை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். கை பழகியவருக்கு அது முடியும். ஆயினும் முதல் தடவை செய்பவர் குழாய்த்தொகுதியின் மேற்பகுதியைக் கழற்றிச் செய்வதே நல்லது என்பது என் கருத்து. கண்ணால் காணாமல் அலுமினிய சிலிண்டர் தலையில் பிளக்கின் மரையைக் கோணலாக ஏற்றிவிடுவது பெரிய செலவில் முடியும். மேற்பகுதியைக் கழற்றுவதென்றால் இணைப்பில் காற்றுக் கசியாமல் அடைக்கும் புதிய காஸ்கட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். பழையதையே திரும்பப் போட்டுக் காற்றுக் கசிந்தால், பிளக் மாற்றிய பின்னரும் என்ஜின் சீரற்று ஓடும். பழி புதுப் பிளக்கின் மீது விழும். ஒவ்வொரு குழாயையும் வயரையும் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, சிறு துண்டு டேப்பில் இலக்கமிட்டு ஒட்டிவிடுங்கள். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திரொட்டில் பகுதிக்கு, என்ஜினைக் குளிர்விக்கும் நீர்க் குழாய்களும் வருவதால் என்ஜின் முற்றாக ஆறியிருப்பது அவசியம். காலையில் முதல் வேலையாகத் தொடங்குவது உசிதம்.

மேற்பகுதி கழன்றதும் கீழே தெரியும் ஆறு காற்றுத் துவாரங்களையும் அந்தக் கணமே சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னர் நான் என் சொந்த வாகனத்தை ஒப்படைத்த இடத்தில், துவாரங்களைத் திறந்தபடி விட்டுவிட்டு வேலை செய்தார்கள். நகக்கண் அளவான ஒரு வாஷர் உள்ளே விழுந்தது எவருக்கும் தெரியவில்லை. ஸ்டார்ட் செய்தபோது கேட்ட அந்த உலோகச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சிலிண்டர் தலையைக் கழற்ற வேண்டியதாயிற்று.

கொயிலைத் தூக்கியதும் பிளக் இருக்கும் கிணற்றுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால், என்ஜினின் மேல்மூடியான வால்வ் கவர்ப் பக்கத்துச் சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் எண்ணெயில் ஊறிய கொயிலின் இறப்பர் உறை விரைவில் மறுபடியும் மின்சாரத்தைக் கசியவிடும். கிணற்றிலுள்ள மணலையும் தூசியையும் காற்றடித்து அகற்றிய பின்னரே பிளக்கைத் தளர்த்த வேண்டும். 16 மில்லிமீற்றர் பிளக் சொக்கெட்டை எக்ஸ்டென்ஷனோடு டேப் சுற்றி இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சொக்கெட் பிளக்கைக் கவ்வியபடி ஆழத்திலேயே தங்கிவிடும்.

கழற்றிய பிளக்கை எறிந்துவிடாமல், எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று எழுதி வரிசையாக வையுங்கள். நுனி இளம் சாம்பல் அல்லது வெளிறிய மண்ணிறமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரிந்திருக்கிறது. உலர்ந்த கரி, கூடுதல் பெற்றோலையோ பலவீனமான தீப்பொறியையோ காட்டும். ஈரமான கறுப்பு, எண்ணெய் சிலிண்டருக்குள் வருவதைக் காட்டும். வெள்ளைப் பீங்கானின் நீளவாக்கில், பென்சிலால் மெல்லக் கீறியது போன்ற ஒரு கரிய கோடு தெரிந்தால், மின்சாரம் நுனிக்குப் போகாமல் பீங்கானின் மேலாகவே உலோக உடம்புக்கு ஓடியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு நேராகக் கொயிலின் இறப்பருக்குள்ளும் ஒரு கோடு இருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் மிஸ் திரும்பவும் வரும்.

புதுப் பிளக்கை இறக்குவதற்கு, ஒரு சாண் நீளமான மெல்லிய இறப்பர்க் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, அதை விரலால் சுழற்றுங்கள். மரை நேராகப் பிடித்தால் இலகுவாக உள்ளே போகும். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கி நின்றுவிடுமே தவிர அலுமினிய மரை அழியாது. கடைசி இறுக்கத்துக்கு, விசையை அளந்து இறுக்கும் டோர்க் ஸ்பானர் இருந்தால் 20 முதல் 29 நியூட்டன் மீற்றர் வரை போதும். அது இல்லையெனில், வாஷர் அமர்ந்த பின்னர் புதுப் பிளக்கை அரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் சரி.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு சிலிண்டர் மட்டும் எரியாவிட்டால், அதன் கொயிலை நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் கொயிலோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது கொயிலோடு சேர்ந்து இடம் மாறினால் கொயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும், சிலிண்டருக்குள் உள்ள அழுத்தமான கொம்ப்ரெஷனையும் பரிசோதிக்க வேண்டும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் கொயில் இணைப்பின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது சுசுகி எவரி வேன். பிளக் ஒன்று இறுகிக் கழலவே மறுக்கிறது. என்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றினால் இலகு என்கிறார்கள். சரியா?
— வாசகர், தெஹிவளை

பதில்: கொதிக்கும் சூட்டில் கழற்ற வேண்டாம். அலுமினியத் தலையின் மரை சூட்டில் எளிதில் பழுதாகும்; பிளக்கோடு சேர்ந்து வந்துவிடவும் கூடும். முன் இருக்கைகளுக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் அந்த 660 சிசி என்ஜினில் கை சுட்டுக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். ஆறிய பின்னர் பிளக்கின் அடியில் துருநீக்கி எண்ணெய் சில துளிகள் விட்டு, இரவு முழுவதும் ஊற விடுங்கள். காலையில் கால் சுற்றுத் தளர்த்தி, சற்று மீள இறுக்கி, மீண்டும் தளர்த்தி என்று பொறுமையாகக் கொண்டுவாருங்கள். நடுவில் கரகரவென்று இறுகினால் பலத்தைக் கூட்டாமல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். புதுப் பிளக்கின் மரைக்குக் கிரீஸ் பூச வேண்டியதில்லை. முலாம் பூசிய பிளக்குகளுக்கு அது தேவையில்லை என்று பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனமே சொல்கிறது. வழவழப்புக் கூடினால் அதே விசையில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

கேள்வி: வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரே பிளக்கைக் கடைக்குக் கடை வேறு விலை சொல்கிறார்கள். இரிடியம் போடுவது பயன் உள்ளதா? பிளக் நுனியின் இடைவெளியை நாமே சரிசெய்யலாமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சாதாரண நிக்கல் பிளக்கை 20,000 முதல் 40,000 கிலோமீற்றருக்குள் மாற்ற வேண்டியிருக்கும்; வாகன நிறுவனம் நீண்ட ஆயுளுக்கென்று குறித்த பிளாட்டினம், இரிடியம் பிளக்குகள் ஒரு இலட்சம் கிலோமீற்றர் வரை ஓடக்கூடியவை. ஆகவே முன்னுக்குத் திறந்து கிடக்கும் என்ஜினுக்கு நிக்கல் போதும். கழற்றுவதற்கே ஒரு நாள் பிடிக்கும் என்ஜினுக்கு விலை கூடியதையே போடுங்கள். பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்பதைக் குறிக்கும் வெப்ப எண்ணை மாற்றாதீர்கள்: என்ஜிகேயில் 5 என்பது மற்றொரு நிறுவனமான டென்சோவில் ஏறக்குறைய 16, 6 என்பது 20. என்ஜிகே இலக்கத்தின் முடிவில் 11 என்றிருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர் என்று பொருள். இரிடியம் பிளக்கின் நடு ஊசி 0.4 முதல் 0.6 மில்லிமீற்றர் தடிப்பே உள்ளது. இடைவெளி அளக்கும் கருவியை அதில் அழுத்தினால் ஒடிந்துவிடும் என்பதால் அதன் இடைவெளியில் கைவைக்க வேண்டாம். வாங்கும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள்: பீங்கானில் எழுத்து மங்கியிருந்தால், நடு ஊசி மையத்தை விட்டு விலகியிருந்தால், வாஷர் தளர்ந்து கையோடு கழன்று வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.