பழைய எச்எம்டி, புதுப் பெயின்ட்: கடிகாரக் கேள்விகள்

இந்த முறை பாதிக்கு மேல் வாட்ச், கடிகாரக் கடிதங்கள். அதனால் மற்றவை அடுத்த வாரம்.

கேள்வி: ‘பயன்படுத்தாத பழைய சரக்கு’ என்று போட்டிருந்த எச்எம்டி பைலட் வாட்சை இணையத்தில் 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். அப்பா கட்டியிருந்த மாடல். டயல் பளபளவென்று இருந்தது. மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்துச் சிரிக்கிறார்... (மதுரை)

பதில்: அவர் சிரித்தால் சிரிக்கட்டும், நீங்கள் அவமானப்பட ஒன்றுமில்லை. அப்பா ஞாபகத்துக்காக வாங்குகிறவரைக் குறிவைத்து ஏமாற்றுவது எனக்குத் தீராத ஆத்திரம், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அரசு நிறுவனமான எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், காஞ்சன் எல்லாம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சாக வரவர, தினம் சாவி கொடுக்க யாருக்கும் பொறுமை இல்லாமல் போனது. 2016-ல் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தபோதுதான் எல்லாருக்கும் பாசம் பொங்கியது. பொங்கிய இடத்தில் கரண்டியோடு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு வாட்சின் மெஷினை இன்னொன்றின் கேஸில் போட்டு, டயலைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதை ‘மும்பை ஸ்பெஷல்’ என்பார்கள்.

அடுத்த முறை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்மூடி முழுக்கக் கீறல், டயலில் மட்டும் ஒரு தூசு இல்லை என்றால் சந்தேகம் வரவேண்டும். எழுத்து தடித்துக் கசிந்திருக்கும். நிமிட முள் கோட்டைத் தொடாமல் குட்டையாக நிற்கும், இல்லையென்றால் அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். மெஷின் படம் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: விற்றவர் அந்த விளம்பரத்தை அழிப்பதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், ரிப்பேர்க்காரரிடம் உள்ளே பார்த்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ‘ஃபர்ஸ்ட் காப்பி’ ரோலெக்ஸ் 4,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (சேலம்)

பதில்: போலிக்கு வைத்த செல்லப்பெயர் அது. வேண்டாம்.

கேள்வி: வாட்சில் 30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டிருக்கிறது. 5 அடி நீச்சல் குளத்தில்தான் இறங்கினேன், உள்ளே ஆவி படிந்துவிட்டது. கடைக்காரர் வாரண்டி இல்லை என்கிறார். கம்பெனி பொய் சொல்லலாமா? (கோவை)

பதில்: வாட்சோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்தே பார்க்கவில்லை, இல்லையா? 30 மீட்டர் என்பது சோதனையில் அசையாத வாட்ச் தாங்கிய அழுத்தம், அழுத்த அளவில் சுமார் 3 பார். கை கழுவலாம், மழைத்தூறல் பரவாயில்லை, அவ்வளவுதான். நீந்த 100 மீட்டராவது வேண்டும். நடுவில் எங்கேயாவது செல் மாற்றினீர்களா? பின்மூடி ரப்பர் வளையம் அங்கேயே போயிருக்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை.

கேள்வி: 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆட்டோமேட்டிக் வாட்ச் தினமும் 10 நொடி முந்துகிறது. பையனின் 600 ரூபாய் வாட்ச் சரியாக ஓடுகிறது. ஏமாந்துவிட்டேனா? (தஞ்சாவூர்)

பதில்: இல்லை. ஒரு நாளுக்கு 86,400 நொடி, அதில் 10 போனால் ஆட்டோமேட்டிக்குக்கு அது நல்ல பிள்ளைதான். சுவிட்சர்லாந்தில் சோதித்து ‘குரோனோமீட்டர்’ சான்று தருகிற வாட்சுக்கே சராசரியாக நாளுக்கு 4 நொடி பிந்தலாம், 6 நொடி முந்தலாம். பையன் கையில் இருப்பது நொடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் படிகம், உங்கள் ஆட்டோமேட்டிக்கை ஓட்டும் சுருள்வில் அதோடு போட்டி போட முடியாது. 1969 கிறிஸ்துமஸ் அன்று செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்றபோது விலை 4,50,000 யென். இன்று அதைவிட மலிவாகத் தெருவோரத்தில் கிடைப்பது உங்கள் குற்றமில்லை.

கேள்வி: தாத்தா காலத்துப் பெண்டுலம் கடிகாரம் நாளுக்கு மூன்று நிமிடம் பிந்துகிறது. மெஷினையே மாற்ற வேண்டும், 6,000 ஆகும் என்கிறார் ரிப்பேர்க்காரர். (காரைக்குடி)

பதில்: அம்மா, பைசா கொடுக்காதீர்கள். முதலில் பெண்டுலம் குண்டுக்குக் கீழே உள்ள திருகைப் பாருங்கள். அதைத் திருகிக் குண்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் வேகம் கூடும். ஊசல் கால் மீட்டர் நீளமென்றால் ஒரு மில்லிமீட்டர் ஏற்றினாலே நாளுக்கு மூன்று நிமிடம் சரியாகிவிடும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் தண்டு நீண்டு லேசாகப் பிந்துவதும் உண்டு. 1656-ல் டச்சு விஞ்ஞானி ஹாய்கன்ஸ் கடிகாரத்தில் ஊசலைக் கட்டுவதற்கு முன் நாளுக்குக் கால் மணி நேரம் தப்பிய கடிகாரங்களோடு ஐரோப்பா குடும்பம் நடத்தியது.

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு பழம்பொருள் கடையில் தேக்குப் பெட்டிக் கடிகாரம் ஒன்றை 9,000-க்கு வாங்கினேன். ‘நூறு வருஷத்துச் சாமான் சார்’ என்றார். வீட்டில் திறந்தால் ஒற்றைப் பென்சில் செல்லும் பிளாஸ்டிக் மெஷினும், மணியோசைக்கு ஒரு ஸ்பீக்கரும். பெண்டுலம் அழகுக்கு ஆடியது, எடுத்து வைத்தாலும் கடிகாரம் ஓடியது. பில் வாங்கவில்லை.

கேள்வி: தாத்தாவின் யுத்தகால வாட்சில் ரேடியம் டயல். இப்போது ஒளிர்வதில்லை. திறந்து புதிதாக ரேடியம் தடவித் தருவதாகச் சொல்கிறார்கள். (நாகர்கோவில்)

பதில்: திறக்காதீர்கள். ஒளி போனது பெயின்டிலிருந்த துத்தநாக சல்பைடு தேய்ந்ததால். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும், அது உள்ளேதான் இருக்கிறது. சுரண்டினால் தூசியாகப் பறந்து மூக்குக்குள் போகும். குழந்தைகள் கையில் கொடுக்காமல் மூடிய பெட்டியில் வையுங்கள். திறக்கச் சொல்பவரிடம் கையுறை இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தக் கேள்விக்கே முழித்தாரென்றால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.